பாக்கி

கூஹ்மோவில் ஆறு மாதம் பனி.
ஆறும் முடிந்த பிறகு இன்னொரு வாரம்,
எந்தக் கணக்கிலும் சேராமல்.

காலை ஐந்தரைக்கு நான் விழிக்கும்போது
வாசலிலிருந்து தெருவரை
ஒரு பாதை திறந்திருக்கும்.
ஓரங்கள் கத்தியால் வெட்டிய ரொட்டி போல.
தபால்பெட்டியின் தலையில்கூடப் பனி இராது.

எதிர்வீட்டு இல்ப்போவின் வேலை.
நான் கேட்கவில்லை. கூலி பேசவில்லை.
என் இடுப்பெலும்பு முறிந்த வருடம் தொடங்கினான்;
பதினொரு குளிர்காலம்.

முதல் வருடம் உறையில் பணம் வைத்துக் கொடுத்தேன்.
உறை என் தபால்பெட்டிக்கே திரும்பி வந்தது.
மறுவருடம் லிங்கன்பெரி ஜாம்.
வாங்கிக்கொண்டான்.
புட்டியைக் கழுவித் திருப்பித் தந்தான்,
உள்ளே அவன் பிடித்து உலர்த்திய மீன்.
கணக்கு இன்னும் மோசமாயிற்று.

நான் கணக்கு எழுதுகிறவள்.
சபையின் பொருளாளர், முப்பத்திரண்டு வருடம்.
தட்டில் விழுந்த சில்லறையை
இரண்டு முறை எண்ணாமல் உறங்கியதில்லை.
ஒரு சென்ட் உதைத்தாலும்
இராத்திரி முழுக்கக் காலணிக்குள் கல்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்
உதைத்தது சென்ட் அல்ல.
அட்வெந்து ஞாயிறின் காணிக்கை, உறையோடு.
கோயில் சாவி இருவரிடம்தான்:
என்னிடம்,
மணியடித்து அடுப்பெரித்துத் தரை துடைத்த
இல்ப்போவிடம்.
கூட்டத்தில் நான் பெயர் எதுவும் சொல்லவில்லை.
சாவிகளின் எண்ணிக்கையைச் சொன்னேன்.
அது போதுமாக இருந்தது.
அவன் சாவியை மேசையில் வைத்துவிட்டு
தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.
அதன்பின் மரம் அறுக்கும் ஆலையில் இரவு வேலை.

என் வாசலில் பனி தள்ளத் தொடங்கியபோது நினைத்தேன்:
திருடியதைத் தவணையில் அடைக்கிறான்.

நாலாம் வருடம் இழுப்பறை சிக்கிக்கொண்டது.
ஆட்டி இழுத்தேன்.
பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவில்
உறை. என் கையெழுத்து. நான் போட்ட தேதி.

யாரிடமும் சொல்லவில்லை.
'இதர வரவு' என்று எழுதினேன்.
கூட்டல் சரியாக வந்தது.
அந்த வாரம் திருவிருந்தில்
அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை.
ஜெபத்தில் கடன் என்ற சொல் வரும் இடத்தில்
எனக்கு இருமல் வரும்.
ஒன்பது வருட இருமல்.

முந்திக்கொள்ளப் பார்த்தேன்,
நானே தள்ளிவிட்டால் பாக்கி ஏறாதே என்று.
ஐந்துக்கு எழுந்தேன், பாதை இருந்தது.
நாலுக்கு எழுந்தேன், இருந்தது.
போன சனிக்கிழமை உறங்கவே இல்லை.
மூன்றேகாலுக்கு ஆலையிலிருந்து வந்தவன்
தன் வாசல் மூடிக் கிடக்க
என் வாசலுக்கு முதலில் வந்தான்.

இரவு உடைமேல் கம்பளிக் கோட்டோடு இறங்கினேன்.
உறை இழுப்பறைக்குப் பின்னால் இருந்தது என்றேன்.
எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும் என்றேன்.
வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

கிருபை என்ற சொல்லை
ஞாயிறுதோறும் பாடியிருக்கிறேன்.
அதற்கு ஒழுகும் மூக்கும்
மரத்தூள் படிந்த தொப்பியும் இருக்கும் என்று
யாரும் சொல்லித் தரவில்லை.

தள்ளுவாரியின் பிடியில் சாய்ந்து நின்றான்.
அவன் முகத்தில் வலித்தது, பார்த்தேன்.
வலிக்காதிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.
"சபையில் சொல்லிவிடுங்கள்,
என் அம்மா இன்னும் இருக்கிறாள்" என்றான்.
பிறகு,
"ஞாயிறு இரவு இருபது சென்டிமீட்டர் விழுமாம்.
காரைச் சுவரோரமாய் விடுங்கள்."

எழுந்து நின்று சொன்னேன்.
அதை இங்கே விவரிக்க மாட்டேன்.
அவன் அம்மா மூன்றாம் வரிசையில் இருந்தாள்;
கேட்கும் கருவியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டாள்.
கணக்குப் புத்தகத்தைப் போதகர் தெர்ஹியிடம் கொடுத்தேன்.

இனி வரமாட்டான் என்று நினைத்தேன்,
அவனுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டதே.

திங்கட்கிழமை.
விழுந்தது இருபத்துமூன்று சென்டிமீட்டர்.
பாதை இருந்தது.
எனக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.
ஆனாலும் காலணி மாட்டிக்கொண்டு
தெருவரை நடந்துபோய்
கொஞ்ச நேரம் நின்றேன்.