மீட்டெடுத்த கோப்பில் புள்ளிகள் இல்லை

மூன்றேகாலுக்குச் செக்காலை ரோடு முழுக்கக் கரண்ட் போனது.
யூபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும் என்றிருந்தார் பேட்டரி ஜஸ்டின்.
அது ஒரு தும்மலுக்குத் தாங்கியது.

"சேவ் பண்ணியாம்மா?" என்றார் முதலாளி.
பண்ணிக்கொண்டிருந்தேன்.
அதுதான் வினை.
பழையதைப் பாதி அழித்து, புதியதைப் பாதி எழுதி
நடுவில் செத்திருந்தது கோப்பு.
அவர் திட்டவில்லை. எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.
அந்த டீதான் அதிகம் சுட்டது.

தானாகச் சேமிப்பதை அணைத்தவள் நான்.
ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சக்கரம் சுற்றும்,
வரைகிற கை அந்தரத்தில் நிற்கும்.
நாலு ஜிபி இயந்திரம்:
வரையும், அல்லது ஞாபகம் வைத்துக்கொள்ளும்.
திங்கட்கிழமை இரவு அணைத்தேன். இன்று வியாழன்.

கல்யாணப் பத்திரிகை. தேனப்பன் வீட்டுப் பெண்ணுக்கு.
பழ. சித. வீர. மெ. என்று
பெயருக்கு முன்னால் ஒரு தெருவே நிற்கும்,
ஓர் எழுத்து இடம் மாறினால் வேறு வீட்டுக் கதவு திறந்துவிடும்.
செவ்வாய்க்கிழமை வந்தார், உட்காரவில்லை.
"அண்ணன் பேரை எடுத்துரும்மா."
எடுத்தேன். அரை வினாடி.
கீழே இருந்தவர்கள் ஒரு வரி மேலேறிக்கொண்டார்கள்,
அங்கே யாரும் இருந்ததில்லை என்பதுபோல.

கண்ட்ரோல் இசட்டை நம்பிப் பிழைக்கிறவள் நான்.
இருபது படி இறங்கும். இருபத்தொன்றில் தரையில்லை.
செட்டிங்கில் இருநூறாக்கினேன், கணினிக்கு மூச்சிரைத்தது.
அதையும் பொறுக்கலாம்.
பத்துப் படி பின்னால் போய்
சும்மா ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்,
முன்னால் செய்த பத்தும் போயிருக்கும்.
இதை எழுதியவரைப் பார்த்தால் கேட்பேன்:
திரும்பிப் போனவள் புதிதாக ஒன்று செய்தால்
பழையதை ஏன் ஐயா கொல்ல வேண்டும்?
ஒரு கிளையாக ஓரத்தில் கிடக்கட்டுமே.
பங்கு பிரித்த வீட்டில்கூட
வளவை யாரும் இடிப்பதில்லை,
ஆளுக்கொரு பூட்டுப் போடுகிறார்கள்.
அப்புறம், புதியதை முழுசாக எழுதி முடிக்கும் முன்
பழையதைத் தொடாதீர்கள்.
தொடவே தொடாதீர்கள்.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது.
தற்காலிகக் கோப்புகளின் குப்பையில்
பெயரில்லாமல் ஒன்று. திங்கள், இரவு ஏழு நாற்பது.
திறந்தேன்.
பூங்கொடி இருந்தது, பிள்ளையார் இருந்தார்,
எழுத்துரு குழம்பி
புள்ளிகள் மட்டும் ஒன்றுவிடாமல் உதிர்ந்திருந்தன.
காரைககுடி. தேனபபன. அழைபபிதழ.
மூன்றாவது வரியில், எடுத்த இடத்திலேயே,
வயிரவன.

ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தேன்.
இந்தப் பக்கத்தில் புள்ளி என்றால்
எழுத்தின் தலையில் வைக்கிறது மட்டுமில்லை;
கல்யாணமான சோடி ஒரு புள்ளி,
கோயில் கணக்கில் அப்படித்தான் எண்ணுவார்கள்.
இருநூற்றுச் சொச்சம் வைத்திருப்பேன், கண் எரிந்தது.

ஏழு மணிக்குத் தேனப்பன் வந்தார்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார்.
மூன்றாவது வரியில் நின்றார்.
"இது எப்ப உள்ளது?"
"திங்கக்கிழமை, ஐயா. இதுதான் கிடைச்சுது."
"திங்கக்கிழமை நல்லாத்தான இருந்தோம்," என்றார்,
என்னிடமா, தெரியவில்லை.
பிறகு, "ரெண்டையும் வச்சிருக்க முடியுமா?"
முடியும் என்றேன்.
போன் பண்றேன் என்று செருப்பைத் தேடினார்.
காலில்தான் இருந்தது.

இரண்டு பிரதி, இரண்டு பெயர், ஒரு பென்டிரைவ்.
தானாகச் சேமிப்பதை மறுபடி போட்டுவிட்டேன்,
சக்கரம் சுற்றுகிறது, சுற்றித் தொலையட்டும்.
காலை ஆறுக்குப் பிளேட்.
எல்லாத் தலையிலும் புள்ளி வைத்தாயிற்று,
மூன்றாவது வரியில் ஒன்றைத் தவிர.
மணி பத்தரை.
போன் இன்னும் வரவில்லை.