பெயர் வேண்டாம்

ஒஸ்த்ராவாவில் பிப்ரவரி.
டிராம் கம்பியிலிருந்து பனி உருகிச் சொட்டுகிறது.
என் மேசைமேல் நாற்பத்தோரு படிவங்கள்:
"உருக்காலையில் கழித்த ஆறு மாதம்
உங்களுக்கு எவ்வளவு திருப்தி?
ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடுக.
பெயர் எழுத வேண்டாம்."

யாரும் எழுதவில்லை.
ஒருவன் எல்லாவற்றுக்கும் நான்கு போட்டுவிட்டு
கேண்டீன் சூப்புக்கு மட்டும் பூஜ்யம் வைத்திருக்கிறான்.
பூஜ்யம் அளவுகோலிலேயே இல்லை.
இன்னொருவன் பென்சிலைத் தூக்காமல்
மூன்றுகளின்மேல் ஒரே கோடாய் இழுத்துவிட்டான்.

இருபத்தேழாவது படிவம்.
பால்: பெண்.
உலைப் பிரிவுக்குப் போனவர்களில்
பெண் ஒருத்திதான், ராட்கா.
பயிற்சிக்கு ஐந்து. பாதுகாப்புக்கு ஐந்து.
"உங்கள் யோசனைகள் மதிக்கப்பட்டனவா?"
அங்கே மட்டும் தாள் மெலிந்திருக்கிறது,
ரப்பர் பலமுறை போய்வந்த இடம்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
இரண்டைச் சுற்றி ஒரு பள்ளம்.
பக்கத்தில், அழுத்தமாய், ஐந்துக்கு வட்டம்.

ஜூனில் ஆள் எடுப்பார்கள்.
எடுப்பவர்களுக்கும் இந்த அறிக்கை போகும்.

எண்களைக் கூட்டுபவள் நான்.
பள்ளங்களைக் கூட்ட எனக்கு அனுமதியில்லை.
ஐந்து என்றே தட்டினேன்.
சராசரி நான்கு புள்ளி மூன்று.
துறைத்தலைவர் ஸ்கோபாலிக் குளிர்ந்துபோய்
கேக் வாங்கிவரச் சொன்னார்.

அனுப்புவதற்கு முன்
பால் என்ற கட்டத்தை
நாற்பத்தோரு பேருக்கும் அழித்தேன்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.
கேட்டால் என்ன சொல்வதென்று
டிராமில் யோசித்துக்கொண்டே
என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.