ஈரப்பதம்

உளுந்தை நான் கண்ணால் நம்புவதில்லை.
கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பேன்.
'டக்'கென்று உடைந்தால் காய்ந்தது.
சத்தமில்லாமல் நசுங்கினால்
கப்பலிலேயே பூத்துவிடும்,
விருதுநகர் போய்ச் சேராது.
பேயின்னாங் சந்தையில் ஏழு வருஷமாக
இந்தப் பல்லுக்குத்தான் சம்பளம்.

காரை எப்படிக் கடிப்பது?

இன்சீன் சாலையில் நல்ல வெயில்.
வரிசையாக வெள்ளை வேன்கள், வெள்ளிநிறச் சின்னக் கார்கள்,
எல்லாம் ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தவை.
தரகர் சேவுகனுக்குப் பர்மியப் பெயர் கோ மின் லுவின்;
இரண்டு பெயருக்கும் இரண்டு விலை.
ஒரு கதவைத் தட்டிக் காட்டினார்:
"ஒரு டீச்சரம்மா ஓட்டுனது, தங்கச்சி.
பள்ளிக்கூடம், வீடு. அவ்வளவுதான்."
ஜப்பானில் எத்தனை டீச்சரம்மாக்கள்!
காலையிலிருந்து பார்த்த நாலும் அவர்களுடையவை.

மீட்டர் நாற்பதாயிரம் காட்டியது.
பிரேக் மிதியின் ரப்பரோ
கோவில்படி போல நடுவில் குழிந்திருந்தது.
மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்த பொய்யை
ரப்பருக்குச் சொல்ல மறந்திருந்தார்கள்.

மா நீலார் கூட வந்திருந்தாள்.
தாம்வேயில் பட்டறை. கன்னத்தில் தனகா,
அதன்மேல் கிரீஸ்.
"எதுக்கு வெளியாள்? நம்மகிட்டயே மெக்கானிக் இருக்கான்"
என்று சேவுகன் ரெண்டு தரம் சொன்னார்.
அதனால்தான் கூட்டி வந்தேன்.

அவள் பானெட்டைத் திறக்கவில்லை.
பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து
பெல்ட்டை இழுத்தாள்,
இழுத்தாள்,
கிணற்றுக் கயிறு மாதிரி, கடைசிவரை.
வெளியே தெரிந்தவரை துவைத்த சாம்பல் நிறம்.
உள்ளே சுருண்டு கிடந்த கடைசி முழத்தில்
தேயிலை நிறத்தில் ஒரு கோடு,
நகத்தால் சுரண்டினால் வண்டல்.

முகர்ந்தேன்.
இந்த வாசனை எனக்குத் தெரியும்:
கிடங்கில் தண்ணீர் ஏறி இறங்கிய மறுவாரம்
அடிமூட்டையைப் பிரித்தால் வருவது.
எந்த வெள்ளம், ஜப்பானிலா பகோவிலா என்று கேட்டேன்.
"யா பா தே" என்றார் சேவுகன். பரவாயில்லையாம்.
யாருக்கு என்று சொல்லவில்லை.

மூன்று ஞாயிறு கழித்து, இன்னொன்று.
முன்பக்கம் இடிபட்டு வர்ணம் பூசியதை
விற்கிறவரே முதலில் சொன்னார்.
ஊ தௌங் ஞுன், கப்பலில் சமையல்காரராக இருந்தவர்.
ஓனர் புத்தகத்தில் இருந்தது வேறு பெயர்.
"இவரைப் பார்த்திருக்கிறீர்களா?"
"எனக்கு விற்றவன் பார்த்ததாகச் சொன்னான்."

அந்தப் பெயரைத் தேடி இருபத்திரண்டு நாள்.
கடைசியில் தௌங்ஜீயிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கினார்,
கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம்,
தன் பெயரில் ஒரு கார் ஓடிக்கொண்டிருப்பதையே மறந்துபோன மனிதர்.
சேசிஸ் எண்ணின்மேல் காகிதம் வைத்துப்
பென்சிலால் தேய்த்தார்கள்.
எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது.
புத்தகத்தோடு நான் ஒப்பிட்டேன்,
பிறகு நீலார்,
பிறகு மறுபடி நான்.
எங்கள் கம்பெனி பெயர் ஏறும்வரை
நூற்றெண்பது லட்சம் கியாட் என் மடியில் கனத்தது,
தூங்கும் பிள்ளை போல.

சாவி திருப்பினால் ஒரு ஜப்பானியப் பெண்
வெகு மரியாதையாக எதையோ எச்சரிக்கிறாள்.
அவள் வாயை மூட யாருக்கும் தெரியவில்லை.

ஸ்டியரிங் வலப்பக்கம், ஊரில் போல.
சாலையும் வலப்பக்கம், ஊரில் போல இல்லை.
முன்னால் லாரி போனால்
எனக்குத் தெரிவது லாரியின் முதுகு மட்டும்;
எதிரே வருவது
இடப்பக்கம் இருப்பவள் கண்ணுக்குத்தான் தெரியும்.
இத்தனை சோதித்து வாங்கிய காரில்
முந்துவதற்கு இன்னொருத்தியின் வாய்ச்சொல் வேண்டும்.

நீலார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.
ஆரஞ்சுத் தோல் அவள் மடியில்.
"இரு... இரு..."
பிறகு, "துவா!"

பர்மியத்தில் 'போ'.
எங்கள் வீட்டில் துவா என்றால்
ஏந்திய இரண்டு கை.
என் கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தன.
மிதித்தேன்.