நாற்பத்தோராவது பெயர்

படிவத்தில் பதினொரு கட்டங்கள்.
மாசேருவில், ஹீட்டர் வேலை செய்யாத ஓர் அறையில்
நான்கு அமைப்புகள் மூன்று மாதம் சண்டை போட்டு
முடிவு செய்த கட்டங்கள்.
ஏழாவது: கடைசியாகப் படித்த வகுப்பு.
எட்டாவது: இடைநின்ற காரணம்.
கோசியின் குதிரை வழுக்கி வழுக்கி மலையேற
பிளாஸ்டிக் உறைக்குள் அவை நனையாமல் வந்தன.
நான்தான் நனைந்தேன்.

மொகோட்லோங்குக்கு மேலே
மரம் என்ற சொல் தீர்ந்துபோகும் உயரத்தில்
கல்லடுக்கிப் புல்வேய்ந்த ஒரு பட்டி.
சாம்பல் போர்வை, ரப்பர் பூட்ஸ்,
இரண்டுமே இடது கால் பூட்ஸ்.
"ம்மே" என்றான். எங்கள் மொழியில் அம்மா.
பின்னால் ஆடுகளும் அதையே சொல்ல,
யாருக்கு முதலில் பதில் சொல்ல என்று
சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை. தினமும் கேட்பவன்.

பெயர் மொட்லாலெபுலா.
வயது?
"கிழக்குச் சரிவில் நாற்பது ஆடு பனியில் செத்தபோது
எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது."
அந்தக் கட்டத்தில் எண் மட்டுமே எழுதலாம்.
பன்னிரண்டு என்று எழுதினேன்.
எத்தனை ஆடு?
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை:
"நூற்றுப் பதின்மூன்று. காது வெட்டுப்பட்டது இன்னும் வரவில்லை."
மலை மடிப்பைப் பார்த்துச் சீட்டியடித்தான்.
வந்தது,
முதல் பீரியடுக்குத் தாமதமான பிள்ளைபோல
ஓரமாக.

ஆடுகள் அவனுடையவை அல்ல.
வருடத்துக்குப் பன்னிரண்டு ஆடு கூலி.
இந்த வருடக் கூலி
போன வருடமே கடனுக்குப் போயிற்று.

அடிவாரப் பள்ளியில் மாலிநேயோ டீச்சர்
மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்திருக்கிறார்,
முதுகோடு முதுகாக உட்காரவைத்து.
இந்தப் பக்கம் பெருக்கல், அந்தப் பக்கம் ஆங்கிலம்,
நடுவிலிருப்பவர்கள் இரண்டையும் பாதிப் பாதி.
வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். மறுக்காமல் கொடுத்தார்.
நாற்பத்தோராவது பெயர் மொட்லாலெபுலா.
திங்கள், டிக்.
செவ்வாய், டிக்.
மலையில் நான் அவன் எதிரே நின்ற
புதனும் டிக்.
டீச்சர் அவன் பெயரைக் கூப்பிடும்போது
மூன்றாவது பெஞ்சிலிருந்து தங்கை
"உள்ளேன் டீச்சர்" என்கிறாள்.
பென்சில் சீவுவதை நிறுத்தாமல்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்:
"தலைக்கு இவ்வளவு என்றுதான் மாவு வருகிறது.
தலை குறைந்தால் பானை குறையும்.
மேலே பதினேழு பேர் இருக்கிறார்கள்.
அவர்கள் பங்கைத்தான் இவர்கள் சாப்பிடுகிறார்கள்."
பின்கட்டில் யாரோ துடுப்பால் கூழைக் கிண்டும் சத்தம்.
அவன் வருகை, பள்ளிக்கு வரவு.

இரவு அறிக்கையை இரண்டு விதமாக எழுதினேன்.
ஒன்றில் பதிவேடு இருந்தது.
ஒன்றில் பானை இருந்தது.
சுவரில் சாய்த்திருந்த எங்கள் பதாகை
"ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது" என்றது.
அந்தப் பதிவேட்டில்
ஒரு பிள்ளையும் விடுபட்டிருக்கவில்லை.

நாடாளுமன்றக் குழு ஐந்து நிமிடம் தந்தது.
பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை.
பட்டிகளுக்கே போகும் இரவுப் பள்ளி கேட்டேன்,
மூன்று வகுப்புக்கு மூன்று ஆசிரியர் கேட்டேன்,
தலையை எண்ணாமல் பசியை எண்ணி மாவு கேட்டேன்.
ஆடு மேய்க்க ஒரு பையனை வைத்திருப்பவர்கள்
அந்த மேசையைச் சுற்றி எத்தனை பேர்
என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.
அதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.
திரு. ரமாய்லி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
"பையன் பள்ளிக்கு வருகிறானா, இல்லையா?
ஒரு சொல்லில்" என்றார்.
ஐந்து நிமிடம் முடிந்திருந்தது.

செப்டம்பரில் மறுபடி ஏறினேன்.
கையில் "பரிசீலனையில் உள்ளது" என்ற கடிதமும்
ஒரு வலது கால் பூட்ஸும்.
பதிவேட்டில் அவன் பெயர் இருப்பதைச் சொன்னேன்.
சொல்லியிருக்க வேண்டாமோ, தெரியவில்லை.
பூட்ஸை மாற்றிக்கொண்டே
வெகுநேரம் யோசித்தான்.

"அப்படியானால் நான் இப்போது எந்த வகுப்பு?"

ஐந்து.

"நாலில் பாஸாகிவிட்டேனா?"