மை படாத ஈயம்

வைத்தியர் கெர்ப்ராண்ட் கொண்டுவந்த கட்டில்
கால்வாய்ப் பனியின் ஈரம். கொஞ்சம் மீன் வாடை.
"நாற்பது பக்கம். ஈஸ்டருக்குள் வேண்டும்.
ஜெர்மனி வரை கேட்க வேண்டும்."

வ்லிசிங்கன் துறைமுகத்தில் நான் எழுத்துக் கோப்பவள்.
பெயர்ப்பலகையில் 'விதவை ஆல்ட்யே'.
லத்தீன் தெரியாது,
தலைகீழாக மட்டும் வாசிப்பேன்.

மூன்றாம் நாள் கேட்டேன்,
யார்மேல் இத்தனை கோபம்?

கரித்துண்டால் என் மேசையிலேயே
ஒரு வளைவு இழுத்தார்.
"இந்தப் புள்ளியில் இதன் சாய்வு என்ன?
பக்கத்தில் இன்னொரு புள்ளி வைக்கிறார்கள்.
நடுவே இம்மி இடைவெளி.
அந்த இம்மியால் வகுக்கிறார்கள்,
ஆகவே அது பூச்சியம் இல்லை.
வகுத்து முடித்ததும்
மிஞ்சிய இம்மியைத் துடைத்தெறிகிறார்கள்,
ஆகவே அது பூச்சியம்.
ஏறிய ஏணியை உதைப்பவனைப் பார்த்திருக்கிறேன்.
ஏணியே இருந்ததில்லை என்பவனை
இப்போதுதான் பார்க்கிறேன்."

விடை?

"சரியாகத்தான் வருகிறது" என்றார்,
கடைவாய்ப்பல் வலிப்பவர் போல.
"ஒவ்வொரு முறையும்."

அன்றிரவு சொற்களுக்கிடையே
மயிரிழை ஈயத் தகடுகளைச் செருகிக்கொண்டிருந்தேன்.
எழுத்தைவிடக் குள்ளமானவை.
மை தொடாது, தாள் அறியாது.
ஒன்றை உருவினால் வரி தளர்ந்து
எழுத்தெல்லாம் தரையில் சிதறும்.
அச்சானதும் பெட்டியில் திரும்பக் கொட்டுவேன்.
அவை இருந்தனவா என்று
எந்த வாசகரும் கேட்டதில்லை.

மறுநாள் அவரிடம் சொன்னேன்.
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு சன்னலைக் காட்டினார்:
அணைக்கு அந்தப் பக்கம்
எங்கள் வாசற்படியைவிட உயரத்தில் கடல்.
"கரையில் ஒரு சொட்டுக் கசிகிறது.
ஒன்றுமில்லை, விடு என்கிறான் காவலாள்.
தூங்குவாயா?"

என் அப்பா அணைக்காவலர்.
தூங்கமாட்டேன்.

கோத்தேன். நாற்பது பக்கமும்.
கடைசித் தாளில், அழுத்தத்தில்
ஒரு மயிரிழைத் தகடு மேலெழும்பி
மை குடித்துவிட்டது.
'இல்லை' என்ற சொல்லுக்கு முன்னால்
மெல்லிய கறுப்புக் கோடு.

"இது எந்த எழுத்து?" என்றார் வைத்தியர்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.

எழுத்தல்ல, இடைவெளி என்றேன்.
அமுக்கிவிடட்டுமா?

பேனாவை எடுத்தார்.
வைத்தார்.
தொப்பியை மாட்டிக்கொண்டு
மழையில் இறங்கிப் போனார்.

நான் அமுக்கினேன்.
ஆனால் அதற்குள் அச்சான
அறுபத்தோரு படிகளில்
அந்தக் கோடு இருக்கிறது.