மூன்றாம் சுற்று

எல்பே நதிக்கரை. மே மாதம்.
கரைமேட்டைத் தாண்டினால் எண்ணெய்க்கடுகு பூத்து
வயல் கண்ணைக் குத்துகிறது.
உலை நின்று ஆறு வருடம்.
இப்போது மின்சாரத்தை நாங்களே விலைக்கு வாங்குகிறோம்,
காபிக்கு வெந்நீர் வைக்கக்கூட.

என் பெயர் வீப்கே. வேதியியல் பிரிவு, இரவுப் பணி.
ஊரில் கேட்டால் குழாய் கழுவுகிறேன் என்பேன்.
அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

குழாயின் உள்சுவரில் கறுப்பாய் ஒரு படலம்.
மயிரிழையைப் பத்தாய்ப் பிளந்தால்
அதில் ஒன்றின் கனம்தான் இருக்கும்.
முப்பது வருட வெந்நீர் பூசிவிட்டுப் போனது.
சுரண்டலாம் என்றால்
அங்கே விரலைக் கொண்டுபோக முடியாது.

முதலில் பெர்மாங்கனிக் அமிலம்.
கருத்த கத்தரிப்பூ நிறம்.
தொண்ணூற்றைந்து டிகிரியில் சுற்றிச் சுற்றி வந்து
படலத்திலிருந்து குரோமியத்தை மட்டும்,
கூட்டத்தில் ஒருவனைத் தோளில் தட்டி
வெளியே அழைப்பதுபோல,
அழைத்து வருகிறது.
மிச்சம் பிடி தளர்ந்து நிற்கும்.

அப்புறம் ஆக்சாலிக் அமிலம்.
ஊதா வெளிறும், ரோஜாவாகும், இல்லாமல் போகும்.
மாதிரிக் குப்பியில் அதைப் பார்க்க
இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குப் பிடிக்கும்.

ஓய்வறைக்கு ஹின்னெர்க் ஒரு ஜாடி ருபார்ப் கொண்டுவந்தான்,
தோட்டத்துத் தண்டு, சர்க்கரையில் வேகவைத்தது.
ஒரு கரண்டி. பல் கூசியது.
'இதிலும் அதே அமிலம்தான்' என்றேன்.
'நல்லது, என் குழாயும் கழுவட்டும்'
என்று இன்னொரு கரண்டி எடுத்தான்.

அவன் வால்வுக்காரன்.
இருபத்தாறு வருடம் வால்வு இருக்கைகளைத்
தேய்த்து, பொருத்தி, கழற்றி, மறுபடி தேய்த்து.
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பான்;
இடுக்கில் கீற்று வெளிச்சம் வந்தாலும் திரும்பத் தேய்ப்பான்.
அந்த உலோகத்தில் கோபால்ட் உண்டு, கடினத்துக்காக.
தேய்த்த தூளில் கொஞ்சம் தண்ணீரோடு போய்,
உலையின் நெஞ்சுக்குள் புகுந்து,
ஒரு நியூட்ரானை விழுங்கி,
போன ஆளாக இல்லாமல் வெளியே வந்து
வளைவுகளில் குடியேறியது.

இதை நான் அவனிடம் சொன்னதில்லை.
இரண்டாம் சுற்றில், பம்பு அறையை அடுத்த வளைவில்
அளவி எண்ணூற்று நாற்பதில் நின்று
இறங்கவே மாட்டேன் என்றபோது
அவனே சொன்னான்:
'அது நான் தேய்த்தது, வீப்கே.
தொண்ணூற்றெட்டு, பிப்ரவரி.
அவசரப்படுத்தினார்கள்.
சரியாகத் துடைக்காமல் மூடினேன்.'

எத்தனை வால்வு, எத்தனை கை.
காமாக் கதிர் யார் பெயரையும் சொல்வதில்லை என்றேன்.
அவன் திரையையே பார்த்தான்.

மூன்றாம் சுற்று. மறுபடி ஊதா, மறுபடி வெளிறல்.
மூன்றேகால் மணிக்கு அறுநூற்றுப் பத்து.
நாலரைக்கு இருநூறு.
யாரோ தும்மினார்கள். முப்பத்தேழு.

கைதட்டல் இல்லை. ஒரு கையெழுத்து, நேரம், அவ்வளவுதான்.
புற ஊதா விளக்குகள் மிஞ்சிய அமிலத்தை
வாயுவாகவும் நீராகவும் உடைத்துக்கொண்டிருந்தன.
கோபால்ட் மட்டும் உடையாது.
கடுகளவு ரெசின் மணிகளில் ஒட்டிக்கொண்டு
தடித்த சுவருக்குப் பின்னே ஒரு தொட்டியில் கிடக்கிறது.
நாங்கள் அதை வீடு மாற்றியிருக்கிறோம்.

ஹின்னெர்க் காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டான்.
ஐந்தேகால் வருடத்தில் பாதி.
அதில் பாதி. அதிலும் பாதி.
'எட்டில் ஒன்றாகும்போது எனக்கு எழுபத்தேழு.'
கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

விடிந்தது. வெளியே கரைமேட்டில் ஆடுகள்.
ஜாடியைக் கழுவி அவனிடம் நீட்டினேன்.
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து,
ஒரு கண்ணை மூடி, மெல்லத் திருப்பிப் பார்த்து,
'மூடியில் கறை' என்று
என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.