ஏழாம் நிலையம்

மொத்தம் அறுபத்தொன்று.
ஏழாம் நிலையத்தில் மட்டும் நாற்பத்தெட்டு,
ஐம்பது வேணும்.
இரண்டு புள்ளிக்கு இன்னும் ஆறு மாதம்,
இன்னொரு கட்டணம்,
கொழும்புக்கு இன்னொரு இரவு ரயில்.

எட்டு நிமிடம் தந்தார்கள்.
கதிரையில் நடிகை ஒருத்தி.
அவள் கணவன் இறந்துவிட்டதை நான் சொல்லவேணும்.
சொன்னேன், ஒன்றும் விடாமல்,
மூச்சும் விடாமல்.
அவள் அழத் தொடங்கியபோது
பிரேதப் பரிசோதனையை விளக்கிக்கொண்டிருந்தேன்.

உட்துறைமுக வீதியில்
மீன் லொறிக்கு ஐஸ் ஏற்றிவிட்டு வருகிறான் கஜீபன்,
இரண்டு முறையும் காசு கட்டிய என் தம்பி.
மதிலோரம் சாத்திய சைக்கிளின் கூடைக்குள்
கோட்டை மான் ஒன்று தலையை விட்டிருக்கிறது.

"இருடா."
நானும் இருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.
"உனக்கு என்ன தெரியும்?"
"றிசல்ட் வந்திட்டுதெண்டு."
"நல்ல செய்தி இல்லை."

பிறகு நான் வாய் திறக்கவில்லை.
அவன் விரல் நுனியில் ஐஸ் தண்ணீர்
சொட்டிச் சொட்டி நின்றது.
எட்டு நிமிடத்துக்கு மேலிருக்கும்,
மணியடிக்க அங்கே ஆளில்லை.

"எத்தினையால அக்கா?"
"ரெண்டு."

கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு
மானைக் கலைக்க எழுந்து போனான்.